விதியின் பங்கும் மனிதனின் தெரிவும்



துன்பம் வந்துற்றபோது மனிதன் முதலில் காரணத்தைத் தேடுகின்றான். காரணம் புலப்படாதபோது 'எல்லாம் விதி' என்று கூறி அமைகின்றான். அச்சொல் சில வேளைகளில் ஆறுதலாகின்றது. வேறு சில வேளைகளிலோ வெறும் சாட்டாகிவிடுகின்றது. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காண்பது எவ்வாறு? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்வியோடு போராடியவர்கள் பண்டைய கிரேக்கப் புலவர்கள்.

விதியைக் கிரேக்கர் 'மொய்ரா' என்றனர். பங்கு என்பதே அதன் அடிப்படைப் பொருள். பழந்தமிழில் 'பால்' என்னும் சொல் பகுதியையும் ஊழையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஒவ்வொருவருக்கும் அளந்து வைக்கப்பட்ட பங்கில் தலையாயது இறப்பு. ஹோமரின் 'இலியட்' காவியத்தில், தன் மகன் சார்ப்பிடன் போர்க்களத்தில் மடியவிருப்பதைக் கண்டு தேவர்களின் தலைவனான சியூஸ் கலங்குகின்றான். அவனைக் காப்பாற்றிவிடலாமா என்றும் எண்ணுகின்றான். ஹீரா தடுத்துரைத்தபோது அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, இரத்தத் துளிகளை மழையாகச் சொரிகின்றான்.

ஆனால், ஹோமரின் மற்றொரு காவியமாகிய 'ஒடிசி'யின் தொடக்கத்தில் இதே சியூஸ் மனிதர்மீது குற்றஞ்சாட்டுகின்றான். மனிதர் தம் துன்பங்களுக்கெல்லாம் தேவர்களைக் குறைகூறுகின்றனர். உண்மையிலோ தமது மதியீனத்தால் தமக்குரிய பங்கிற்கும் மேலான துன்பத்தைத் தாமே தேடிக்கொள்கின்றனர் என்கின்றான். அதற்கு அவன் காட்டும் சான்று ஏகிஸ்தஸ். அகமெம்னனைக் கொல்ல வேண்டாம், அவன் மனைவியை நாட வேண்டாம் என்று ஹெர்மிஸ் வாயிலாக முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவன் அவன். எச்சரிக்கையை மீறினான், அகமெம்னனின் மகன் ஒரெஸ்டிஸின் கையால் மடிந்தான். எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது என்றால், கேட்பவனுக்கு வேறு வழியிற் செல்லும் ஆற்றல் உண்டு என்பதுதானே பொருள்?

இச்சிக்கலை மிக ஆழமாகக் காட்டுவது சோபோக்கிளீஸ் எழுதிய 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகம். தன் மகனின் கையாலேயே மடிவான் என்ற தெய்வ வாக்கிற்கு அஞ்சிய தீப்ஸ் நகர மன்னன் லாயுஸ், பிறந்த குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து, மலையில் எறிந்துவிடும்படி கட்டளையிடுகின்றான். கட்டளை பெற்ற இடையன் இரக்கப்பட்டு அதனை வேறொருவனிடம் கொடுக்க, குழந்தை கொரிந்து நகர அரசனின் மகனாக வளர்கின்றது. வளர்ந்த ஈடிப்பஸ், தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்கை டெல்பியில் கேட்கின்றான். அதிலிருந்து தப்புவதற்காகவே கொரிந்துக்குத் திரும்பாமல் வேறு வழி செல்கின்றான். அந்த வழியிலேயே தந்தையை யாரென்று அறியாமற் கொல்கின்றான். தீப்ஸ் நகரில் தாயை மணக்கின்றான்.

இதுவரை நிகழ்ந்தவை விதியின் பங்கு எனலாம். ஆனால், இவையெல்லாம் நாடகம் தொடங்குமுன்னரே நடந்து முடிந்தவை. மேடையில் நாம் காண்பது ஈடிப்பஸின் தேடலை. தீப்ஸில் கொள்ளைநோய் பரவுகின்றது. லாயுஸைக் கொன்றவனைக் கண்டறியுமாறு டெல்பி பணிக்கின்றது. தேடல் மெல்ல மெல்ல அவனையே நோக்கித் திரும்புகின்றது. ஞானி திரேசியஸ் பேச மறுக்கின்றான். அரசி யொக்கஸ்தா மேலும் கேட்க வேண்டாமென மன்றாடுகின்றாள். முதிய இடையன் அழுது நடுங்குகின்றான். கேட்டால் தான் அழிந்துவிடுவேன் என்று உணர்ந்த நிலையிலும் ஈடிப்பஸ் உண்மையைக் கேட்டே தீர்வேன் என்கின்றான். தன் பிறப்பைத் துருவிக் கேட்குமாறு அவனை எந்த வாக்கும் கட்டாயப்படுத்தவில்லை. அது அவனது சொந்தத் தெரிவு. பின்னர் தன் கண்களைக் குத்திக்கொண்டபோதும், துயரங்களைத் தந்தவன் அப்பொலோ, குத்திய கையோ தன்னுடையது என்று அவனே வேறுபிரித்துக் கூறுகின்றான்.

முன்னறிவிக்கப்பட்டது என்பதால் மனிதன் கட்டுண்டவன் ஆகிவிடுகின்றானா? பல நூற்றாண்டுகளின் பின்னர் புனித அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் ஐந்தாம் புத்தகத்தில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். இறைவன் அனைத்தையும் முன்னறிகின்றார். மனிதனின் விருப்புறுதியையும் விருப்புறுதியாகவே முன்னறிகின்றார். ஆகவே அந்த அறிவு மனிதனின் சுதந்திரத்தைப் பறிப்பதில்லை என்பது அவர் கண்ட விடை.

சோபோக்கிளீஸ் ஈடிப்பஸை அத்துடன் விட்டுவிடவில்லை. கி.மு. 406 அளவில் அவர் இறந்தபின், கி.மு. 401இல் அவரது பேரன் மேடையேற்றிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்தில் அவன் முதியவன், பார்வையற்றவன், மகளின் கைபிடித்து அலைபவன். ஏதென்ஸ் அருகேயுள்ள கொலோனஸ் மக்கள் அவன் பெயரைக் கேட்டதுமே வெளியேறச் சொல்கின்றனர். அறியாமற் செய்ததற்கு என்னை எவ்வாறு குற்றவாளி என்பீர்கள் என்று அவன் முறையிடுகின்றான். அப்பொழுது ஏதென்ஸ் அரசன் தீசியஸ் வருகின்றான். தானும் அந்நிய மண்ணில் வளர்ந்தவன் என்றும், நாளைய நாளில் தனக்குள்ள பங்கு ஈடிப்பஸுக்கு உள்ளதைவிடச் சற்றும் கூடியதன்று என்றும் கூறி, அவனுக்கு அடைக்கலம் அளிக்கின்றான்.

அன்பர்களே, விதியை நினைத்து தீசியஸ் விலகிச் சென்றிருக்கலாம். 'அவன் தலையெழுத்து' என்று நாமும் எத்தனையோ பேரைக் கடந்து செல்கின்றோம். அதே விதியை நினைத்துத்தான் அவன் அருகில் வந்தான். நமக்கு அளிக்கப்பட்ட பங்கை நாம் மாற்ற இயலாதிருக்கலாம். உண்மையை எதிர்கொள்வதா, மறைப்பதா? துன்புறுபவனை ஏற்பதா, விலக்குவதா? இவை இன்றும் நம் கையில் உள்ளன. நம் வாசலில் நிற்கும் ஈடிப்பஸுக்கு நாம் என்ன விடை சொல்லப்போகின்றோம்?