புகையானின் பின்னங்கால்

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் தம் வயலில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். தண்டின் அடியில் பழுப்பாக ஏதோ அடைந்து கிடக்கிறது. "புகையான்தானே? என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கே என்னால் விடை சொல்ல முடியவில்லை. படத்தில் முதுகு தெரிகிறது, கால் தெரியவில்லை.

புகையான் என்னும் பழுப்புத் தத்துப்பூச்சி விழுந்த நெல்வயல் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளை அடையாளம் காண்பதுதான் பாடு. நிறத்தை நம்ப முடியாது. பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் வேறு பலவும் உண்டு. இறகையும் நம்ப முடியாது. ஒரே தாயின் பிள்ளைகளில் சிலவற்றுக்கு நீண்ட இறகு, சிலவற்றுக்கு உடம்பை முழுதாக மூடாத குட்டை இறகு. பயிர் முதிர்ந்து கூட்டம் நெருக்கினால் நீள இறகுக்காரர்கள் பெருகிப் பறந்துவிடுவார்கள்.

ஆகவே பின்னங்காலைப் பாருங்கள். கைலென்ஸ் போதும். கால் முடிந்து பாதம் தொடங்கும் இடத்தில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று இருந்தால் அது டெல்ஃபாசிடே குடும்பம். பச்சைத் தத்துப்பூச்சிக்கு அது கிடையாது; அதன் காலில் முள் வரிசைகளே ஓடும். ஆனால் வெண்முதுகுத் தத்துப்பூச்சிக்கும் குதிமுள் உண்டே! இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டும். பாதத்தின் முதல் கணுவில் பக்கவாட்டாகச் சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் நீலபர்வதா பேரினம். 1906இல் வில்லியம் டிஸ்டன்ட் இலங்கைப் பூச்சி ஒன்றை வைத்து இந்தப் பேரினத்தை நிறுவினார். அந்தப் பூச்சியைச் சுவீடன் அறிஞர் கார்ல் ஸ்டால் 1854இலேயே விவரித்திருந்தது பிறகு தெரியவந்தது. இனத்துக்கு முந்தி வைத்த பெயரே நிற்கும் என்பது விதி; ஸ்டால் வைத்தது லூஜென்ஸ். ஆகவே நம் புகையான் இன்று நீலபர்வதா லூஜென்ஸ்.

இதே பேரினத்தில் பேக்கரி, மூயிரி என்ற இனங்களும் உண்டு. அவை நெல்லை விட்டு, அதன் உறவுப் புல்லான லீர்சியாவில் வாழ்பவை. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகப் பிரித்தறியலாம்.

அதுவும் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். பிலிப்பைன்ஸில் நெல்லில் வாழும் புகையான் கூட்டமும் லீர்சியாவில் வாழும் கூட்டமும் உருவத்தில் லூஜென்ஸ்தான். ஆனால் அவற்றின் அழைப்பு வேறு. பெண்பூச்சி வயிற்றை அதிரச் செய்து தண்டு வழியே ஆணை அழைக்கும். ஆண் தண்டு வழியே பதில் அனுப்பும். நம் காதுக்கு எதுவும் எட்டாது. சிறுவயதில் தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருவதை அறிந்திருக்கிறேன். இந்தப் பூச்சிகளுக்கு வாழ்க்கை முழுவதும் அப்படித்தான். 1980களில் கார்டிஃப் நகரின் மைக்கேல் கிளாரிட்ஜும் அவர் குழுவினரும் இந்த அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். இரு கூட்டங்களின் தாளமும் வேறு வேறு. தேர்ந்துகொள்ள வாய்ப்பு இருக்கும்போது அவை பெரும்பாலும் தம் தாளக்காரரோடுதான் சேர்ந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை பூச்சிகளின் கணக்கில் இரண்டு.

இத்தனை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர்களை நாம் போற்றுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆண்பூச்சியைப் பிரித்துப் பெயர் சொல்லும் கலையைக் கற்க இளைஞர்கள் வர வேண்டும். அவர்களுக்கு வேலையும் இருக்க வேண்டும். பெயர் தெரியாமல் தெளிக்கும் மருந்து யார் மேல் விழுகிறது என்று யோசியுங்கள். அதே தண்டில் பச்சையாக ஓடும் மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையானின் முட்டைகளை உறிஞ்சிக் குடிப்பது. அதையும் பகையென்று எண்ணி அடிக்கிறோம். தண்டுக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டைகள் பிழைத்துப் பொரிக்கும். அவற்றைத் தின்ன ஆள் இருக்காது. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1986இல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்வயலில் தடை செய்தது. மருந்துக்கான மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. அதனால் அங்கே நெல் விளைச்சல் குறைந்துவிடவில்லை.