ஏழு சொற்கள்

இந்தோனேஷியா சுதந்திரப் பிரகடனம் செய்த மறுநாள், 1945 ஆகஸ்டு 18-ஆம் தேதி காலையில், புதிய தேசத்தின் அரசியல் சாசனத்தை ஏற்பதற்காக ஜகார்த்தாவில் சபை கூடுவதற்குச் சற்று முன்பாக, விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான முகம்மது ஹத்தா சில முஸ்லிம் தலைவர்களைத் தனியே அழைத்துச் சென்று, சாசனத்தின் முகவுரையிலிருந்து ஏழு சொற்களை நீக்கிவிடச் சம்மதிப்பார்களா என்று கேட்டார். கால் மணி நேரத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றிய விவாதமோ இன்றுவரை அத்தேசத்தில் ஓய்ந்தபாடில்லை.

நம்மவர்க்குப் பஞ்சசீலம் என்றவுடன் 1954-இல் பாரதமும் சீனமும் ஒப்புக்கொண்ட ஐந்து கொள்கைகளே நினைவுக்கு வரும். அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பே, 1945 ஜூன் 1-ஆம் தேதி, ஜப்பானியர் ஆதிக்கம் இன்னும் விலகாதிருந்த வேளையில், விடுதலை இயக்கத் தலைவர் சுகர்ணோ அதே சமஸ்கிருதப் பெயரைத் தம் தேசத்தின் அஸ்திவாரத்துக்குச் சூட்டியிருந்தார். தேசியம், மனிதாபிமானம், கலந்தாலோசித்து முடிவெடுக்கும் ஜனநாயகம், சமூக நலம் என்று வரிசையாகச் சொல்லி, ஐந்தாவதாகவே கடவுள் நம்பிக்கையை வைத்தார். அவர் தலைமையில் அமைந்த ஒன்பதின்மர் குழு, மராமிஸ் என்ற கிறிஸ்தவர் ஒருவர் நீங்கலாக மற்ற எண்மரும் முஸ்லிம்களாயிருந்த குழு, ஜூன் 22-ஆம் தேதி கையெழுத்திட்ட ‘ஜகார்த்தா சாசன’த்தில் கடவுள் நம்பிக்கையை முதலிடத்துக்கு உயர்த்தி, அதனோடு ‘இஸ்லாத்தைத் தழுவியோர் ஷரீஅத்தை அனுஷ்டிக்கும் கடமையுடன்’ என்ற பொருள் தரும் தொடரையும் சேர்த்தது. இந்தோனேஷிய மொழியில் அத்தொடர் ஏழே சொற்கள்தாம்.

பத்தில் ஒன்பது பேர் முஸ்லிம்களாயுள்ள தேசத்தில், முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும் ஒரு தொடரால் பிறருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். அப்போதே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால், அம்போனைச் சேர்ந்த லத்துஹார்ஹாரி என்ற கிறிஸ்தவப் பிரதிநிதி, சாசனத்தை ஆராய்ந்த பெரிய குழுவில், ஜூலை மாதத்திலேயே ஆட்சேபித்தார். அக்குழுவின் முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர், தொழுகையும் நோன்பும் அரசாங்கத்தின் நிர்ப்பந்தமாகிவிடுமோ என்று அஞ்சினார்கள். பிரகடனத்தன்று மாலை ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவர் ஹத்தாவைத் தேடிவந்து, அத்தொடர் நிலைக்குமானால் கீழ்த்திசைத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் குடியரசுக்கு வெளியே நிற்பதையே விரும்புவார்கள் என்று தெரிவித்தாராம். அந்த அதிகாரியின் பெயர் தமக்கு மறந்துபோயிற்று என்று ஹத்தாவே எழுதியிருப்பதால், சந்தேகப்படுவோர் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். எனினும் அந்த அச்சம் மெய்யானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹத்தா அழைத்த தலைவர்களில் எளிதில் இணங்காதவர் முகம்மதியா இயக்கத்தின் தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோ. அவருக்கு அந்த ஏழு சொற்கள் பேரம் பேசிப் பெற்ற சலுகை அல்ல. மார்க்கத்தின் பொருட்டு ஏற்ற பொறுப்பு. அதே இயக்கத்தைச் சேர்ந்த கஸ்மான் சிங்கோதிமேஜோ அவரருகில் சென்று, இது அவசர காலத்துச் சாசனமே என்றும், அமைதி திரும்பியபின் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று சுகர்ணோ வாக்களித்திருக்கிறார் என்றும் எடுத்துச் சொல்ல, முதியவர் இறுதியில் தலையசைத்தார். ஏழு சொற்கள் நீங்கின; அவற்றின் இடத்தில் ‘தனிப்பெருங் கடவுள்’ என்று பொருள்படும் தொடர் அமர்ந்தது. குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்ற விதியும் போயிற்று. ‘முகத்திமா’ என்று அரபுப் பெயர் கொண்டிருந்த முகவுரைகூட நாட்டுமொழிப் பெயருக்கு மாறிற்று. எண்ணிக்கையில் பலம் பெற்றிருந்தவர்கள், தோற்கடிக்கப்படாமலே, தங்கள் கையிலிருந்ததை விட்டுக்கொடுத்தார்கள். முஸ்லிம் நாடுகளின் அரசியலைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

வாக்குறுதி நிறைவேறுமுன் கி பாகுஸ் 1954-இல் காலமானார். மேற்கு ஜாவாவில் கார்த்தோசுவிர்யோ 1949-இல் இஸ்லாமிய அரசைப் பிரகடனம் செய்து ஆயுதம் ஏந்தி, 1962-இல் மரண தண்டனை பெற்றார். 1955 பொதுத் தேர்தலில் இஸ்லாமியக் கட்சிகள் எல்லாம் சேர்ந்தும் பாதி வாக்குகளை எட்டவில்லை. அரசியல் நிர்ணய சபையில் எந்தத் தரப்புக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. 1959 ஜூலை 5-ஆம் தேதி சுகர்ணோ சபையையே கலைத்து 1945-ஆம் ஆண்டுச் சாசனத்தை மீட்டார். அவருக்குப்பின் வந்த சுகார்த்தோவோ 1985-இல், எல்லாக் கட்சிகளும் சங்கங்களும் பஞ்சசீலத்தையே ஏக அடிப்படையாக ஏற்கவேண்டுமென்று சட்டம் இயற்றினார். மனமுவந்து விட்டுக்கொடுத்ததை அதிகாரம் கட்டளையாக மாற்றியது அந்த ஆட்சி செய்த அநீதி என்றே கூறுவேன்.

அச்சட்டம் வருமுன்பே, 1984-இல் கிழக்கு ஜாவாவின் சிதுபோந்தோவில் கூடிய நஹ்தத்துல் உலமா என்னும் முஸ்லிம் அமைப்பின் மாநாடு பஞ்சசீலத்தை ஏற்றது. அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்த அப்துர்ரஹ்மான் வாஹித், ஜகார்த்தா சாசனத்தில் கையெழுத்திட்ட வாஹித் ஹாஷிமின் மைந்தர். அந்த அமைப்பை 1926-இல் நிறுவிய ஹாஷிம் அஷ்அரியின் பேரர். தந்தை கையெழுத்திட்ட தொடரைத் தனயன் மீட்க முயலவில்லை. 1999-இல் குடியரசுத் தலைவரானதும், சீன வம்சாவளியினர் தம் புத்தாண்டைப் பகிரங்கமாகக் கொண்டாடுவதற்கிருந்த தடையை நீக்கினார். 2002-இல் சாசனத் திருத்தத்தின்போது சில கட்சிகள் ஏழு சொற்களையும் மீட்க முயன்றபொழுது, நாட்டின் இரு மாபெரும் முஸ்லிம் அமைப்புகளான நஹ்தத்துல் உலமாவும், கி பாகுஸின் முகம்மதியாவுமே அதை எதிர்த்தன. சபையில் போதிய ஆதரவின்றி அம்முயற்சி வீழ்ந்தது. ஐந்து வேளை தொழுகிறவர்களும் மதரஸாக்களில் ஆயுளைக் கழித்தவர்களும்தான் இவ்வாறு தீர்மானித்தார்கள்.

இதனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 1965-இல் பிறந்த தெய்வநிந்தைச் சட்டம் அரை நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநராயிருந்த பசுகி சஹாயா பூர்ணமா, திருக்குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக, பெருந்திரளான ஆர்ப்பாட்டங்களுக்குப் பின், 2017 மே மாதம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அச்சே மாநிலத்தில் ஷரீஅத் சட்டம் அமலில் இருக்கிறது. அரசாங்கம் அங்கீகரித்த ஆறு மதங்களுக்குள் அடங்காத பூர்வீக வழிபாட்டினர், அடையாள அட்டையின் மதப் பகுதியில் தங்கள் நம்பிக்கையைப் பதிவுசெய்யும் உரிமைக்கு 2017 நவம்பரில் வந்த நீதிமன்றத் தீர்ப்புவரை காத்திருக்க நேர்ந்தது. கடவுளை ஒப்பாதவனுக்கோ ‘தனிப்பெருங் கடவுள்’ என்ற தொடரில் இன்றும் இடமில்லை.

ஆயினும் அந்தக் காலைப்பொழுது தொடங்கிவைத்த சிந்தனை நின்றுவிடவில்லை. 2019-இல் மேற்கு ஜாவாவின் பாஞ்சார் நகரில் நஹ்தத்துல் உலமாவின் அறிஞர்கள் கூடினார்கள். ஒரே தேசத்தில் உடன்வாழும் பிற சமயத்தாரைக் குடியியல் விவகாரங்களில் எப்படி அழைப்பது என்ற கேள்வி அவர்கள் முன் வந்தது. ‘காஃபிர்’ என்னும் சொல் இங்கே பொருந்தாது, பிறர் மனத்தைப் புண்படுத்துவதுமாகும் என்று கண்டு, அவர்களை ‘முவாத்தின்’ என்றே, அதாவது இந்நாட்டுக் குடிமகன் என்றே, குறிப்பிடவேண்டும் என்று அந்த அறிஞர்கள் தீர்மானித்தார்கள்.