நாணயம் விற்பவரிடம் நாணயம்

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். முன்னதை வாங்கி விற்கும் கடைக்காரரிடத்தில் பின்னதும் இருக்கிறதா என்று அறிவது எங்ஙனம்? பாட்டி வைத்துப்போன தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும் குடும்பத்தாருக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். அநேகமாய் அந்தப் பெட்டியில் விக்டோரியா மகாராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் பத்துப் பதினைந்தும், ஓட்டைக் காலணாக்கள் சிலவும், இன்னதென்று தெரியாத செப்புக் காசுகள் இரண்டொன்றும் இருக்கும்.

இவற்றை எடுத்துக்கொண்டு நம்மவர்கள் நேரே வெள்ளிக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, கிராமுக்கு இன்ன விலை என்று கணக்குப் பார்த்துப் பணத்தை நீட்டுகிறார். இங்கேதான் முதல் நஷ்டம். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயின் எடை 180 குன்றுமணி அல்ல, ஐயா, 180 கிரெயின். அதாவது ஒரு தோலா, ஏறக்குறைய 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. 1940இல் யுத்தக் காலத்து நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947இல் வந்த ரூபாயிலோ வெள்ளியே கிடையாது, அது நிக்கல், காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே, காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைத்த பிறகே தராசைத் தொடுகிறவர் யாரோ, அவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

பழமை வேறு, அருமை வேறு என்பதை ஜனங்கள் உணர்வதில்லை. இராஜராஜ சோழனின் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது; ஆனால் அது ஏராளமாகக் கிடைப்பதால் விலை சொற்பமே. 1862 என்று பொறித்த ரூபாய்கள் 1874 வரையில் அதே ஆண்டெண்ணுடனே அச்சடிக்கப்பட்டன. அவையும் வீட்டுக்கு வீடு உண்டு. மாறாக, நேற்று வந்ததுபோல் தோன்றும் 1939ஆம் வருஷத்து ரூபாய் மிகவும் அருமையானது. அருமையானது என்பதாலேயே, கடைசி எண்ணைத் திருத்திய போலிகளும் உலாவுகின்றன. நாம் சொல்லும் யோசனை இது: சாதாரணக் காசு என்று நீங்கள் திட்டமாய் அறிந்த ஒன்றைக் கடைக்காரரிடம் காட்டி, "இதை வாங்கினால் என்ன விலை, விற்றால் என்ன விலை?" என்று இரண்டையும் கேளுங்கள். யோக்கியர் இரண்டையும் சொல்லுவார். இடையிலுள்ள லாபத்தையும் மறைக்கமாட்டார். "அடடா, அபூர்வம்!" என்று வியப்பவரிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது; அவரால் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஒரு பக்கம் ஸ்ரீராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்புக் காசைக் கொண்டுவருவார். அது அரிசியை இழுக்கும் என்பார். இரிடியம் கலந்தது என்பார். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்க வெளிநாட்டார் காத்திருப்பதாகவும், சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் வேண்டுமென்றும் சொல்லுவார். கம்பெனியார் சென்னையில் அடித்த வராகனில் பெருமாள் திருவுருவம் உண்டு, அது சரித்திரம். இந்தப் பட்டாபிஷேகக் காசையோ எந்தக் கம்பெனிச் சாலையிலும் அடித்ததில்லை. பக்தியின் பொருட்டுப் பிற்காலத்தில் செய்த வில்லைகளையும் விற்பனைக்கென்றே செய்த போலிகளையும் காட்டிப் படித்தவர்களையே ஏமாற்றுகிறார்கள். நிலத்தை அடமானம் வைத்து முன்பணம் கொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் செய்தி பத்திரிகைகளில் வந்த வண்ணமே இருக்கிறது. பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சக்கணக்கில் விலை தருவதாகச் சொல்லி, ரிசர்வ் பாங்கின் பெயரால் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று அந்தப் பாங்கே 2021இல் எச்சரித்தது. காசை வாங்க வருகிறவர் நம்மிடமே பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்?

கடை வைத்திருப்பவரிடம் லைசென்ஸைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த காசும் தொல்பொருளே. அதில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணில் புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878 முதலே உள்ள சட்டம். ஆகவே, "நேற்றுத்தான் வயலில் கிடைத்தது" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அந்தப் பேரத்தில் நமக்குப் பங்கு வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் 'மாக்கோதை' என்ற பெயரைப் படித்ததனால் சேரர் சரித்திரத்துக்குக் கண்கூடான சாட்சி கிடைத்தது. கிடைத்த இடம் தெரியாமற் போயிருந்தால் அந்தச் சாட்சி பாதி ஊமையாகியிருக்கும். காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அத்தகையவரிடம் நாலு காசு அதிகம் கொடுத்து வாங்கினாலும் தகும்.

ரசீது அவசியம். "பழைய காசு ஒன்று" என்று எழுதினால் போதாது. அரசர் பெயர், ஆண்டு, உலோகம், எடை இவற்றுடன், போலியென்று தெரிந்தால் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எழும்பூர் அரசாங்க மியூஸியத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அச்சில் அடித்த மெய்க் காசின் எழுத்து எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைக் கண் ஒருமுறை பழகிக்கொண்டால், அச்சு எடுத்து வார்த்த போலியின் மழுங்கிய முகத்தையும், மேனியெங்கும் உள்ள நுண்குழிகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் தட்டும்.

கடைக்குக் கிளம்புமுன் பெட்டியிலுள்ளதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு காசுகளை மட்டும் எடுத்துப் போங்கள். இரண்டு கடைகளில் காட்டுங்கள். புளி போட்டுத் தேய்க்கும் கைங்கரியம் மட்டும் வேண்டவே வேண்டாம். நூறு வருஷத்துக் கறுப்பைப் போக்கிப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் கையால் தொடமாட்டார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாய்களுக்கும் எந்த நல்ல வியாபாரியும் வெள்ளி விலைக்கு மேல் தரமாட்டார். அவற்றைப் பேத்தியின் கழுத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.