பத்தாயிரம் அடிகள்: நடந்தவை எத்தனை?

அலுவலகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நடைப் போட்டிகள் இன்று பரவலாகிவிட்டன. முப்பது நாள்கள், ஐந்து பேர் கொண்ட அணி, நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் என்று விதி வகுக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் திறன்பேசியோ கைக்கடிகாரமோ காட்டும் எண்ணிக்கையை இரவு பத்து மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுகின்றனர். மறுநாள் காலையில் தரவரிசை வெளியாகிறது. பரிசு பெரும்பாலும் ஒரு தண்ணீர்க் குடுவை அல்லது ஒரு பாராட்டுச் சான்றிதழ். ஆயினும், இரண்டாம் வாரம் முடிவதற்குள் "அவருக்கு மட்டும் எப்படி இருபத்தைந்தாயிரம் வந்தது?" என்ற முணுமுணுப்பு எழாத போட்டியைக் காண்பது அரிது.

எண்களோடு வாழும் வங்கித் துறையினராகிய நமக்கு இந்த முணுமுணுப்பு புதிதன்று. ஓர் எண் வழக்கத்திற்கு மாறாக இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். ஆனால், கவனிப்பது வேறு, குற்றம் சாட்டுவது வேறு. நட்புக்காகத் தொடங்கிய போட்டி நட்பையே குலைத்துவிடாமல் இருக்க, இந்த வேறுபாட்டைப் போட்டியாளர்கள் அறிந்திருப்பது நலம்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் ஆய்ந்து கண்டுபிடித்த எல்லை என்று பலர் எண்ணுகின்றனர். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 1964இல் நடந்தேறிய மறு ஆண்டு, ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் அணியும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'மான்போ-கேய்' என்று பெயர். 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அதன் பொருள். நினைவில் நிற்கும் முழு எண்ணாக இருந்ததால் விற்பனைக்கு உதவிய அப்பெயர், காலப்போக்கில் உலகெங்கும் உடல்நல இலக்காகவே நிலைபெற்றுவிட்டது.

ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஐ-மின் லீ தலைமையிலான குழு, 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் நடை அதில் அளக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் இந்தப் பயன் மேலும் உயரவில்லை. இது முதிய பெண்களைப் பற்றிய ஆய்வு. எல்லா வயதினருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. எனினும், இருபத்தைந்தாயிரத்தைக் காட்டினால்தான் நலம் என்ற எண்ணம் தேவையற்றது என்பது தெளிவு.

கருவி உண்மையில் எதை எண்ணுகிறது?

நம் கைக்கடிகாரம் காலடியை நேரடியாகக் காண்பதில்லை. அதனுள் இருக்கும் முடுக்கமானி என்னும் சிறு உணரி, மூன்று திசைகளிலும் ஏற்படும் அசைவை அளக்கிறது. நடக்கும்போது கையும் உடலும் ஒரே தாளத்தில் அசைகின்றன. அந்தத் தாளத்தை இனங்கண்டு மென்பொருள் அடிகளாக எண்ணுகிறது. ஆகவே, நடை போன்ற தாளம் எங்கிருந்து வந்தாலும் அது கணக்கில் சேர வாய்ப்பு உண்டு.

சப்பாத்தி தேய்க்கும்போதும், கைதட்டும்போதும், துணி துவைக்கும்போதும் சில அடிகள் கூடிவிடுகின்றன. மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுபவரின் சட்டைப்பையிலுள்ள திறன்பேசி, அவர் ஒரு தெருக்கூட நடக்காத நாளிலும் சில நூறு அடிகளைக் காட்டலாம். குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு நேர்மாறான இழப்பு நேர்கிறது. கை அசையாததால், அவர் உண்மையாகவே நடந்த அடிகள் விடுபட்டுப் போகின்றன. ஒரே பாதையில் சேர்ந்து நடந்த இருவர் வெவ்வேறு எண்களோடு வீடு திரும்புவதற்கு இதுவே காரணம். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாமலேயே எண் பிழைபடலாம்.

வேண்டுமென்றே செய்யப்படும் கலப்படம்

வேண்டுமென்றே செய்வோரும் உளர். டீகா பிரெய்ன், சூர்யா மட்டு ஆகிய கலைஞர்கள் 2015இல் 'அன்ஃபிட் பிட்ஸ்' என்ற திட்டத்தின் வழியே இதை வேடிக்கையாகச் செய்து காட்டினர். இசைப் பயிற்சிக்கான மெட்ரோனோம், துளையிடும் எந்திரம், நாய் ஆகியவற்றில் கருவியைக் கட்டிவிட்டால், அணிய வேண்டியவர் அமர்ந்திருக்கும்போதே அடிகள் ஏறின. காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய தரவுகளை நம்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை எழுப்புவதே அவர்களின் நோக்கம். சீனாவில், திறன்பேசியைத் தொட்டிலில் இட்டதுபோல் ஆட்டி அடிகளைக் கூட்டும் சிறு எந்திரங்கள் இணையக் கடைகளில் விற்பனைக்கே வந்துவிட்டன.

இங்கிலாந்து வங்கியின் ஆலோசகராக இருந்த பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட், பணக்கொள்கையை முன்னிட்டு 1975இல் சொன்ன ஒரு கருத்து இங்கும் பொருந்துகிறது. ஓர் அளவீட்டையே இலக்காக்கிக் கட்டுப்படுத்த முனைந்தால், அதுவரை அது காட்டிவந்த தொடர்பு குலைந்துவிடும் என்பது அதன் சாரம். அடிகளின் எண்ணிக்கை உடலுழைப்பின் அடையாளமாக இருந்தவரை பயனுள்ளதாக இருந்தது. தரவரிசையில் முதலிடம் பிடிப்பதற்கான எண்ணாக அது மாறியவுடன், உழைப்பில்லாமலே எண்ணை உயர்த்தும் வழி தேடப்படுகிறது.

ஐயத்திற்கு முன் ஒரு கணக்கு

மிதமான வேக நடை என்பது நிமிடத்திற்குச் சுமார் 100 அடிகள். அந்த வேகத்தில் 10,000 அடிகளுக்கு 100 நிமிடங்கள் தேவை. 22,000 அடிகள் என்றால் 220 நிமிடங்கள், அதாவது மூன்று மணி நாற்பது நிமிடங்கள். 45,000 அடிகளுக்கு ஏழரை மணி நேரம் இடைவிடாமல் நடக்க வேண்டும். வேலை நாளில் பிந்தைய எண்ணை ஒருவர் தொடர்ந்து காட்டினால் கேள்வி எழுவது இயல்பே. ஆனால், 22,000 நடக்கக்கூடிய எண்தான்.

மும்பையில் நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. பெண் ஊழியர் ஒருவர் நாள்தோறும் இருபதாயிரத்திற்கு மேல் காட்டி முதலிடத்தில் இருந்தார். "கடிகாரத்தை மின்விசிறியில் கட்டிவிட்டாரோ?" என்று ஒருவர் குழுவில் எழுத, அதற்குச் சிரிப்புக் குறிகள் பல விழுந்தன. அவர் பதில் எழுதவில்லை. மறுநாள் முதல் எண்ணைப் பதிவிடுவதையே நிறுத்திக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் அவரைத் தனியே சந்தித்தபோது, கடிகாரத்தின் மணிவாரி வரைபடத்தை அவரே எடுத்துக் காட்டினார். கல்யாணில் வீட்டிலிருந்து ரயில் நிலையத்திற்கு இருபத்தைந்து நிமிட நடை, சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து அலுவலகத்திற்குக் கால் மணி நேர நடை, மாலையில் அதே இரண்டும் மறுபடியும். விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கும் வீட்டு வேலை, மதிய உணவுக்குப்பின் சிறு நடை, இரவு உணவுக்குப்பின் கணவரோடு ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. அடிகள் நாள் முழுவதும் சீராகப் பரவிக் கிடந்தன.

பிறகு அனைவருடைய வரைபடமும் பார்க்கப்பட்டது. தரவரிசையின் நடுவிலிருந்த ஒருவரின் எண்ணில்தான் பிழை இருந்தது. கடன் வசூல் பணிக்காக நாள்தோறும் நெடுந்தொலைவு இருசக்கர வாகனத்தில் செல்லும் அவருக்கே அது தெரியாது. நடுவில் இருந்ததால் அவரை எவரும் ஐயுறவில்லை. முதலிடத்தில் இருந்ததால் அவ்வம்மையாரை எல்லோரும் ஐயுற்றனர். குழுவில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அவ்வம்மையார் அதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார். ஆனால், அடுத்த போட்டிக்கு அவர் பெயர் கொடுக்கவில்லை.

பணம் சேரும்போது

தண்ணீர்க் குடுவைக்கான போட்டியில் கூட்டிச் சொல்வது சிறுமை. பணம் சேர்ந்துவிட்டால் அதன் தன்மையே மாறுகிறது. அமெரிக்காவின் ஜான் ஹான்காக் நிறுவனம், தன் ஆயுள் காப்பீட்டுத் திட்டங்கள் அனைத்திலும் உடற்பயிற்சித் தரவோடு இணைந்த ஊக்கத் திட்டத்தைச் சேர்ப்பதாக 2018இல் அறிவித்தது. நம் நாட்டிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், உடல்நல மேம்பாட்டு அம்சங்கள் குறித்த வழிகாட்டுதல்களை 2020இல் வெளியிட்டது. அதன்படி, வாடிக்கையாளர் ஈட்டும் புள்ளிகளுக்கு மருத்துவக் காப்பீட்டின் புதுப்பிப்புக் கட்டணத்தில் சலுகை அளிக்க இயலும். நாயின் கழுத்தில் கட்டிய கடிகாரத்தைக் கொண்டு இத்தகைய சலுகையைப் பெறுவது விளையாட்டாகாது. அது பொய்த் தகவல் அளித்துப் பெற்ற ஆதாயம்.

இதன் மறுபுறத்தையும் வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 'நடந்தால் பணம்' என்று அழைக்கும் செயலிகள் யாவும் நம்பத்தக்கவை அல்ல. முதலில் வைப்புத்தொகை செலுத்தச் சொன்னாலோ, ஈட்டிய பணத்தைப் பெற யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்டாலோ உடனே விலகிவிடவும். பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டிருப்பின் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யவும்.

யாரும் காணாத இடத்தில் எண்ணியவர்

அடிகளை எண்ணுவதில் நேர்மைக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. குமாவுன் மலைப்பகுதியின் மிலம் சிற்றூரில் பிறந்தவர் நயின் சிங் ராவத். அந்நியர் நுழைய இயலாதிருந்த திபெத்தை அளப்பதற்காக, டேராடூனில் இந்திய நில அளவைத் துறை அவருக்குப் பயிற்சி அளித்தது. ஏற்றமோ இறக்கமோ, ஒரே நீளத்தில் அடி வைக்க அவர் பழகினார். சுமார் 2,000 அடிகள் ஒரு மைல். வழக்கமான செபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடைய மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணியைத் தள்ளினார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடிகள்!

காத்மாண்டிலிருந்து 1865இல் புறப்பட்ட அவர், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அப்பயணத்தில் அவர் எண்ணியவை ஏறத்தாழ 25 லட்சம் அடிகள். அவருடைய உறவினர் கிஷன் சிங், பின்னாளில் ஒரு பயணத்தில் குதிரைமேல் செல்ல நேர்ந்தபோது, குதிரையின் வலது முன்காலடிகளை எண்ணிக் கணக்கைத் தொடர்ந்தார். உடன் நின்று சரிபார்க்க எவரும் இல்லை. ஓர் அடியைக் கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. ஆனால், வரைபடம் பிழைபட்டிருக்கும். லண்டன் அரச புவியியல் கழகம் 1877இல் நயின் சிங்குக்குத் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

போட்டி நடத்துவோருக்குச் சில யோசனைகள்

• எந்தக் கருவி, எந்தச் செயலி என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவிக்கவும். கையால் உள்ளிடும் அடிகள் ஏற்கப்படா என்று விதிக்கவும்.

• நாளொன்றுக்கு 12,000 அல்லது 15,000 என உச்சவரம்பு வைக்கவும். அதற்கு மேல் மதிப்பெண் இல்லையெனில், மிகைப்படுத்தும் ஆசையும் அளவுக்கு மீறி நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் ஒருங்கே குறையும்.

• பிறரோடு ஒப்பிடாமல், அவரவர் முன்னேற்றத்தை அளவிடவும். இதற்கு அடிப்படையாகப் போட்டி அறிவிப்புக்கு முந்தைய மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்ளவும். போட்டியின் முதல் வாரத்தை அடிப்படையாக்கினால், அந்த வாரம் மட்டும் நடக்காமல் இருந்துவிடும் சாமர்த்தியசாலிகள் தோன்றுவர்.

• வாரம் ஒருமுறை குலுக்கல் முறையில் சிலரின் மணிவாரி வரைபடத்தைப் பார்வையிடவும். எவரையும் குறிவைக்காத சோதனை எவரையும் புண்படுத்தாது. நள்ளிரவில் ஒரே சீராக ஓடிய அடிகளும், இதயத்துடிப்பு சிறிதும் உயராமல் ஏறிய அடிகளும் அதில் தாமே புலப்படும்.

• ஐயம் எழுந்தால், முதலில் தனிமையில் கேட்கவும். குழுவில் எழுதிய கேலியைப் பின்னர் அழித்துவிடலாம். படித்தவர் மனத்திலிருந்து அழிக்க இயலாது.

• அடிகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கவும். இருப்பிடம், உறக்கம், உடல் எடை போன்ற தனிப்பட்ட தரவுகள் ஒரு நட்புப் போட்டிக்குத் தேவையற்றவை.

ஃபிட் இந்தியா இயக்கம் 2020 ஆகஸ்டில் 'சுதந்திர ஓட்டத்தை' அறிவித்தபோது, அவரவர் இடத்தில், அவரவர் வேகத்தில் ஓடி, தூரத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அதில் முந்துவதற்கு எவரும் இல்லை. ஆகவே, பொய் சொல்வதற்கும் காரணம் இல்லை. நம் போட்டிகளையும் அந்த நிலைக்கு அருகில் கொண்டுசெல்ல முடியும்.

அடுத்த மாதம் உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ நடைப் போட்டி தொடங்கினால், அவசியம் பெயர் கொடுங்கள். முதலிடத்தில் இருப்பவர் எப்படி அங்கு வந்தார் என்று வியப்பு எழுந்தால், ஒரு மாலை அவரோடு சேர்ந்து நடந்து பாருங்கள். உங்கள் ஐயம் தெளியலாம்; எப்படியாயினும், நீங்கள் நடந்த அடிகள் உங்களுடையவை.