வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். மேலே எல்லாம் பளபளப்பு. அடியில் என்ன நடக்குதுன்னு குனிஞ்சு பார்க்கிற சம்சாரி நம்மில் எத்தனை பேர்?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். வாகனக் கடன் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். வருமானவரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30 சதவீதம் என்று தேய்மானம் எழுதுவோம். காகிதத்தில் அது ஒழுங்காக இறங்கும். துரு அப்படி இறங்காது. மூன்று நான்கு வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் எருவு மூட்டையோடு தளத்தகடு கீழே தொங்கும். குட்டியானைக்கு எப்.சி. எடுக்கப் போகும்போது சேஸில் ஓட்டை என்று திருப்பி அனுப்புவார்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எப்.சி. அதற்குப் பிறகு வருஷா வருஷம். வண்டிக்கு வயசாக ஆகத்தான் அடிப்பாகத்தின் நிலைமை நம் பணத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

இந்த வேலையை ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆனால் எதைப் பூசுகிறோம் என்பதில் இயற்கை விவசாயிக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது.

வறண்ட ஊரில் துரு எப்படி?

மழை குறைவு, காத்து வறட்சி. அதனால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் சிவகாசிப் பக்கம் வேர்விட்டது. "நம்ம ஊர்ல இரும்பு கெடாது சார்" என்று மெக்கானிக் தம்பிகூடச் சொல்லுவார். வெயிலில் கிடக்கும் வெறும் இரும்புக்கு அது ஓரளவு பொருந்தும். நம்ம வண்டிக்குப் பொருந்தாது. ஏன்னா, ஈரத்தையும் உப்பையும் நாமே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்றால் 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம். அது டிரம்மில் தளும்பி, தளத்தின் இடுக்கு வழியாக சேஸில் வழிகிறது. கோமியத்தில் யூரியாவும் உப்புகளும் உண்டு. உப்பு இரும்பைத் தின்னும். யூரியா புளித்து அம்மோனியா ஆகும். அது வயர் முனைகளில் இருக்கும் செம்பையும் பித்தளையையும் பச்சை பிடிக்க வைக்கும். இதற்கு மேல் கிடை எருவு. அதற்கு மேல், நம்ம போர்த் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படியும் அந்தத் தண்ணீரில் வண்டியைக் கழுவி அப்படியே விட்டால், கழுவினதே உப்பு பூசின மாதிரிதான்.

ஐப்பசியில் அடுப்பங்கரை உப்புச் சாடி நசநசவென்று கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுக்கும். சேஸில் ஒட்டியிருக்கும் உப்பும் அதையேதான் செய்கிறது. மழை வேண்டியதில்லை, பனிக்காத்து போதும்.

அடுத்தது கரிசல் மண். மட்கார்டுக்கு உள்ளேயும் சட்டத்தின் மூலைகளிலும் அப்பிக்கொண்டால் நாள்கணக்கில் ஈரத்தை விடாது. மண்ணுக்கு அடியில் இருக்கும் இரும்புக்குக் காற்று குறைவாகவும், பக்கத்து இரும்புக்கு அதிகமாகவும் கிடைக்கும். இந்த வித்தியாசத்திலேயே பேட்டரி மாதிரி ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகி, மண் மூடின இடம் அரிக்கும். அதனால்தான் துரு எப்பவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓட்டை போடுகிறது.

உப்புக்காத்து இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனைவிடப் பெரிய பாடம் வேண்டாம். 1914-இல் திறந்த அந்த ரயில் பாலத்தில், தூக்குப் பகுதியின் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறந்தது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரிமானத்தை ஆராய்வதற்கு நம்ம பக்கத்து காரைக்குடியிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். கடற்காற்றில் இரும்பைச் சோதித்துப் பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

கழிவு ஆயில் வேண்டாம்

நம்ம ஊர் வழக்கம் என்ன? இன்ஜினில் இருந்து இறக்கின கறுப்பு ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து, பழைய துணியால் அடியில் பூசிவிடுவது. துரு ஓரளவு மட்டுப்படும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஆயில் காய்வதே இல்லை. வெயிலில் இளகிச் சொட்டும். எங்கே சொட்டும்? களத்தில், மாட்டுத் தொழுவ வாசலில், கிணத்து மேட்டில், எருவுக் குழி ஓரத்தில்.

இன்ஜினில் வெந்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கும் என்று அறியப்பட்ட கரிமச் சேர்மங்களும் சேர்ந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலிலேயே பயன்படுத்திய எண்ணெய் இருக்கிறது. ஒரு சொட்டு பூச்சிமருந்து தெளிக்காத காட்டில் இதைச் சொட்டவிடலாமா? நம்மிடம் காய்கறி வாங்குகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்னால் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஆயில் மாற்றும்போது பழையதை டப்பாவில் அடைத்து, முறையாகச் சேகரிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தார்ப்பூச்சு நல்லதுதான், ஆனால் சுத்தமான, காய்ந்த இரும்பின் மேல் பூசினால் மட்டும். துருவின் மேலோ ஈரத்தின் மேலோ பூசினால், நாள்பட வெடிப்பு விட்டு, உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கறுப்பாக அழகாக இருக்கும். உள்ளே தகடு காலி.

முதல் வேலை கழுவுவது

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வண்டியை மேட்டிலோ கல் சாய்தளத்திலோ ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. கனமான ஸ்டாண்டு கொடுத்து, அசைத்துப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே கொடுக்க வேண்டும்.

பவர் ஸ்பிரேயரால் மட்கார்டு உள்புறம், பட்டைகளின் இடுக்கு, சட்டத்தின் உள்மடிப்பு எல்லாம் அடித்துக் கழுவுங்கள். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கடைசி அலசல் மட்டும் மழைத் தண்ணீரிலோ நல்ல தண்ணீரிலோ இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயட்டும்.

பிறகு கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உதிரும் துருவைச் சுரண்டி எடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கீழே தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டிகளுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வராது. சுரண்டின தூளை எருவுக் குழியில் கொட்டாதீர்கள்.

கடுக்காயும் கருவேலங்காயும்

துருவை முழுக்க எடுக்க யாராலும் முடியாது. பள்ளங்களில் கொஞ்சம் நிற்கும். அதற்கு நம்ம பெரியவர்களின் அறிவே கைகொடுக்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து கறுப்பு மை செய்தது நமக்குத் தெரியும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. அதே துவர்ப்புதான் துருவையும் கறுப்பான, நிலையான ஒரு படலமாக மாற்றும். பழங்கால இரும்புப் பொருட்களைப் பாதுகாக்க அருங்காட்சியகங்களில் டானிக் அமிலம் பூசுகிறார்கள். அதுவும் இதே துவர்ப்புதான். ஆவாரம்பட்டையிலும் கருவேலங்காயிலும் இது உண்டு. நம்ம காட்டில் இரண்டுக்கும் பஞ்சமா?

கொட்டை நீக்கின கடுக்காய்த் தோல் கால் கிலோவை இடித்து, 2 லிட்டர் தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றக் காய்ச்சி வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், கஷாயம் சட்டியோடு சேர்ந்து கறுத்துவிடும். எவர்சில்வரோ மண்பானையோ போதும். ஆறின பிறகு துரு நின்ற இடங்களில் பிரஷ்ஷால் பூசுங்கள். கொஞ்ச நேரத்தில் செம்மை மாறிக் கறுக்கும். காய்ந்ததும் இன்னொரு கை.

இந்தக் கஷாயம் மட்டும் வண்டியைக் காப்பாற்றாது. மேலே பூச்சு வேண்டும். அடை அடையாக உரியும் கனத்த துருவுக்கும் இது மருந்து ஆகாது. அங்கே தகடு வெட்டிப் பற்றவைப்பதுதான் வழி.

பூச்சு

கல் தெறிக்கும் இடங்களுக்கு, அதாவது மட்கார்டு உள்புறத்துக்கும் தளத்தின் முன்பகுதிக்கும், ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்து மேலே எனாமல் பெயிண்ட் பூசலாம். ரெட் லெட் என்ற சிவப்புப் பிரைமரில் ஈயம். ஜிங்க் குரோமேட் என்ற மஞ்சளில் குரோமியம். இரண்டும் நம்ம வாசலுக்கு வேண்டாம்.

மற்ற இடங்களுக்கு ஆளிவிதை எண்ணெய். ஹார்டுவேர் கடையில் லின்சீட் ஆயில் என்றால் கொடுப்பார்கள். நல்லெண்ணெய், கடலெண்ணெய் மாதிரி இது பிசுபிசுவென்று நிற்காது. காற்றுப்பட்டுக் காய்ந்து தோல் மாதிரி படலமாகும். அந்தக் காலச் சிறு விமானங்களின் எஃகுக் குழாய்ச் சட்டத்துக்குள் துருப்பிடிக்காமல் இருக்க இந்த எண்ணெயைத்தான் சூடாக்கி ஊற்றினார்கள். 1 லிட்டர் எண்ணெய்க்கு 100 கிராம் தேன்மெழுகு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிசாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று நிற்கும். 'பாயில்டு' வகை ஓரிரு நாளில் காயும். பச்சை எண்ணெய் பல நாள் இழுக்கும்.

வண்டி மைக்கு நம்ம தாத்தாமார் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்தார்கள். விளக்கெண்ணெய் காயாது, அதனால் அச்சுக்கும் கீலுக்கும் அது அருமை. அடித்தகட்டில் பூசினால் புழுதி அப்பிக்கொள்ளும். பின்கதவுக் கீல், கொக்கி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் டிரம், டிஸ்க், சைலன்சர், ரப்பர் ஹோஸ், வயர் இணைப்பு இவற்றில் எண்ணெய் படக் கூடாது. பூசும் முன் பிளாஸ்டிக் பை கட்டி மறைத்துவிடுங்கள். சைலன்சரில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாமல் பாருங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் தகட்டிலும், பனி இறங்கும் நேரத்திலும் பூச வேண்டாம். காலை பனி காய்ந்த பிறகு பத்து மணி வாக்கில் சரியாக இருக்கும்.

பட்டாசு வட்டாரத்துக்கு இரண்டு எச்சரிக்கை

ஒன்று, எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியை ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். குழாய்க் காகிதமும் திரியும் வீட்டிலேயே உருட்டுகிற ஊர் நம்ம ஊர். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது.

இரண்டு, பழைய வண்டி. சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கோ மருந்துக் கடைக்கோ ஓடின குட்டியானை மலிவாகக் கிடைக்கும். அதன் இடுக்குகளில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் தங்கியிருக்கலாம். ரயில் தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தெர்மிட் கலவை என்பதே அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும்தான். துருவும் இரும்பு ஆக்சைடுதான். அப்படிப்பட்ட வண்டியில் எடுத்த எடுப்பில் கம்பி பிரஷ், கிரைண்டர், வெல்டிங் எதுவும் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவும் வேண்டாம். திறந்த வெளியில் நிறையத் தண்ணீர் விட்டு, இடுக்கு இடுக்காகப் பலமுறை அலசிய பிறகே கையை வையுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றுப் பக்கமோ கம்மாய்ப் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். அதற்கு முன்னால், புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே அடிப்பாகத்தையும் கழுவிப் பூசிவிட்டால், மழைக்காலம் முழுக்க வண்டி தாங்கும். தை, மாசியில் ஒருதரம் டார்ச் அடித்துப் பார்த்து, உரிந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் போதும். ஜீவாமிர்தமோ எருவோ ஏற்றின நாளில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுவதுதான் எல்லாப் பூச்சையும்விடப் பெரிய பூச்சு. டிராக்டர் பெட்டிக்கும், பவர் டில்லருக்கும், தண்ணீர் டேங்கரின் சட்டத்துக்கும் இதே முறைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் ஒருதரம் பாருங்கள். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத சொதவென்று கேட்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.