தந்திக் கம்பியும் பங்குக் கணக்கும்

பெருங் கம்பனியொன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோர் முதலிற் காண்பது அதன் அறிமுகப் பக்கமாகும். என்று தோன்றிற்று, எவர் கையில் உளது என்பன அங்கே சுருங்கக் கூறப்பட்டிருக்கும். வணிகம் பயிலும் மாணவருங்கூட அதனை வாசியாது கடந்து செல்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஸ்ரீ லங்கா ரெலிகொம் கம்பனியின் வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு கடந்து செல்லார்.

இலங்கையின் முதலாவது தந்தித் தொடர்பு 1858 இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே அமைந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அந்நாளிற் காலித் துறைமுகத்திலேயே தங்கின. அவை கொணர்ந்த செய்திகளை, தந்தி வருமுன், 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையார் புறாக்களைக் கொண்டு கொழும்புக்கு அனுப்புவித்தனர். புறாவின் தொழிலைக் கம்பி ஏற்றது எனலாம்.

பின்னர் தந்தியும் தொலைபேசியும் நெடுங்காலம் தபாற்பகுதியின் நிழலிலேயே வளர்ந்தன. 1980 இல் தொலைத்தொடர்புக்கெனத் தனித் திணைக்களம் தோன்றிற்று. அது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தாற் கூட்டுத்தாபனமாகி, 1996 இல் கம்பனியாயிற்று.

இவ்வாண்டுகளை வாசிக்கும்போது எமக்கு வேறொரு கணக்கும் நினைவுக்கு வருகின்றது. 1990 இல் மூண்ட போரோடு யாழ்ப்பாணத்தின் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. கொழும்பிற் கூட்டுத்தாபனம் பிறந்த வேளையில், இங்கே தொலைபேசி அலங்காரப் பொருளாய் மேசையில் இருந்தது. அக்காலத்தில் நாம் பள்ளிச் சிறுவர். எம் அயலில் வாழ்ந்த தாயாரொருவர், கனடாவிலிருந்த மகனுக்குத் திருமணம் நிகழ்ந்த செய்தியையும் பேரன் பிறந்த செய்தியையும் ஒரே கடிதத்தில் அறிந்தார்.

இனிப் பங்குடைமையை நோக்குவோம். 1997 இல் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் 35.2 வீதப் பங்கை வாங்கி முகாமையையும் ஏற்றது. 2002 இல் வெளிநாட்டு அழைப்புக்களில் இருந்த தனியுரிமை நீங்கிற்று; மறு ஆண்டிற் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தன. 2008 இல் என்.ரி.ரி. விலகியது. இன்று திறைசேரியிடம் 49.5 வீதமும், நெதர்லாந்திற் பதிவுபெற்ற குளோபல் ரெலிகொமியூனிக்கேஷன்ஸ் ஹோல்டிங்ஸிடம் 44.98 வீதமும் உள. எஞ்சிய சிறு பகுதி ஏனையோரிடம் உளது.

அரசாங்கக் கம்பனி என்றே நாம் பேச்சிற் கூறுகின்றோம். ஆயினும் பாதிக்கு அரை வீதம் குறைவு! மொத்தப் பங்குகள் 180 கோடிக்குச் சற்று மேற்பட்டவை. ஆதலின் குறைவது ஏறத்தாழ 90 இலட்சம் பங்குகள். பொதுக்கூட்டத்தில் ஏனைய பங்குகள் யாவும் எதிர்த்து நின்றால், அரசு தன் வாக்கினால் மட்டும் சாதாரணத் தீர்மானமொன்றையும் நிறைவேற்ற இயலாது. 2023 இல் அரசு இப்பங்கையும் விற்க முற்பட்டது. 2024 இல் ஆட்சி மாறியபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. இலாபம் குறைந்த தீவுப்பகுதிக்கும் வன்னிக் கிராமத்துக்கும் இணைப்புக் கொடுக்குமாறு வற்புறுத்தும் கை எதுவாயிருத்தல் வேண்டும் என்பதே அவ்விற்பனையில் எமக்கிருந்த கவலை.

அந்த நெதர்லாந்துக் கம்பனியின் பின்னால் நின்றது மலேசியாவின் உசாகா தெகாஸ் நிறுவனம். அதனை நிறுவிய ஆனந்த கிருஷ்ணன், 1938 இல் கோலாலம்பூரிற் பிறந்து 2024 இல் மறைந்தவர், யாழ்ப்பாண வழித்தோன்றல். மலாயாவின் இருப்புப்பாதைக் கந்தோர்களுக்கு உத்தியோகம் தேடிச் சென்ற எம்மவர், ஊரிலுள்ள பெற்றோருக்குத் தபால்வழிக் காசுக்கட்டளை அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. அவ்வழியில் வந்த ஒருவரின் பணமே, அந்தத் தபாற்பகுதியிலிருந்து கிளைத்த கம்பனியிற் பங்காளியாய் வந்து சேர்ந்தது.