புது பாக்ஸ் வாங்கினால் மழையில் படம் கட் ஆகாதா?

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். கேட்டவர் வேலை பார்க்கிறது சென்னையில. ஊர்ல பாட்டி வீட்டுல டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. தூறல் போட்டாலே படம் கட்டம் கட்டமா உடையுது. "பழைய பாக்ஸ்ல குவாலிட்டி 60 காட்டுது. பக்கத்து வீட்டு பாக்ஸை மாட்டினா 85. அதோட ட்யூனர் நல்ல சென்சிட்டிவ்னு கடையில சொல்றாங்க. வாங்கிடலாமாண்ணா?"

என் பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க. அந்த 60-ஐயும் 85-ஐயும் ஒப்பிடவே முடியாது. காரணம் சொல்றேன்.

திரையில தெரியும் அந்த சதவீதத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. எதை 100-னு வைக்கிறதுங்கிறதை ஒவ்வொரு கம்பெனியும் தானே முடிவு பண்ணுது. ஒரே சிக்னலுக்கு ஒரு பாக்ஸ் 60 காட்டலாம், இன்னொண்ணு 85 காட்டலாம். ஸ்ட்ரென்த் பார் இன்னும் மோசம். அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே அளக்குது. டிஷ்ஷை சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சாலும் ஸ்ட்ரென்த் கொஞ்சம் காட்டும்.

சரி, சிக்னல் எப்படி வருது? ஃப்ரீ டிஷ் வர்றது கிழக்கு 93.5 டிகிரியில இருக்கிற ஜிசாட்-15-ல இருந்து. சுமார் 36,000 கிலோமீட்டர் தூரம். வந்து சேர்ற சிக்னல் ரொம்ப ரொம்ப பலவீனம். டிஷ் அதைக் குவிச்சு, முன்னாடி இருக்கிற எல்என்பி-க்குக் கொடுக்குது. எல்என்பி அதை 50 முதல் 60 டெசிபல் வரை பெருக்குது. அதாவது ஒரு லட்சம் மடங்குல இருந்து பத்து லட்சம் மடங்கு.

இங்கதான் விஷயமே இருக்கு. எல்என்பி சிக்னலை மட்டும் தனியா பெருக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மொட்டை மாடியிலேயே முடிவாகிடுது. கீழே இருக்கிற ட்யூனரால அதைக் கூட்ட முடியாது.

பாக்ஸோட ஸ்பெக்ல மைனஸ் 65 முதல் மைனஸ் 25 டிபிஎம்னு போட்டிருப்பாங்க. கேபிள் வழியா எவ்வளவு பவர் வந்தா ட்யூனர் வேலை செய்யும்ங்கிற வரம்பு அது. சாதாரண வீட்டுல 20, 30 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள்தான் போகும். அதுல 10 டெசிபல் போனாலும், வர்ற பவர் அந்தக் கீழ் வரம்புக்கு நல்லா மேலேயே இருக்கும். கேபிள் ரொம்ப நீளமா இருந்தாலோ, நடுவுல நிறைய ஸ்ப்ளிட்டர் இருந்தாலோதான் அந்த மைனஸ் 65 முக்கியம்.

அப்போ எந்த ட்யூனரும் ஒண்ணுதானா? இல்லை. எவ்வளவு இரைச்சல் வரைக்கும் படத்தைப் பிடிச்சு வெச்சுக்குதுங்கிறதுல வித்தியாசம் உண்டு. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. டிவிபி-எஸ்2-ல 8பிஎஸ்கே 2/3 முறையில வர்ற சேனலுக்கு, சிக்னல் இரைச்சலைவிட சுமார் 6.6 டெசிபலாவது அதிகமா இருக்கணும். அதுக்குக் கீழே எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ட்யூனரும் கைவிரிச்சுடும். நல்ல ட்யூனர் அந்த எல்லைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்துல போகும், அவ்வளவுதான்.

நிஜமாவே ஒப்பிடணும்னா இப்படிப் பண்ணுங்க. மழை, இடி இல்லாத நாள். அதே டிஷ், அதே கேபிள், அதே சேனல். ஈரத்துணியை எல்என்பி முகப்புல ஒரு மடிப்பு போடுங்க. அப்புறம் ரெண்டு, மூணு. எத்தனையாவது மடிப்புல படம் உடையுதுன்னு குறிச்சுக்கங்க. அடுத்த பாக்ஸை மாட்டி, துணியைத் திரும்ப நனைச்சு அதையே செய்யுங்க. கடைசியா முதல் பாக்ஸை இன்னொரு தடவை சோதிங்க. அது பழைய இடத்துலேயே உடைஞ்சாதான் உங்க சோதனை சரி. கேபிளைக் கழற்றும் முன்னாடி பாக்ஸை ஆஃப் பண்ணிடுங்க. அதுல எல்என்பி-க்கு 13 அல்லது 18 வோல்ட் போயிட்டு இருக்கும்.

ரெண்டும் ஒரே மடிப்புல உடைஞ்சா, பணத்தை மாடியில செலவு பண்ணுங்க. டிஷ்ஷை சரியா திருப்பி வைக்கிறதுக்குக் காசே தேவையில்லை. துருப்பிடிச்ச கனெக்டரை மாத்துங்க. தண்ணி இறங்கின எல்என்பி-யை மாத்துங்க. அப்பவும் போதலைன்னா, 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதிலா 90 போட்டா சுமார் 3.5 டெசிபல் கூடுது. ட்யூனரை மாத்தி அவ்வளவு லாபம் எதிர்பார்க்க முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பழைய எம்பெக்-2 பாக்ஸ்ல எம்பெக்-4 சேனல்கள் வராது. பாட்டிக்கு அந்த சேனல்கள் வேணும்னா புது பாக்ஸ் வாங்குறது நியாயம்தான். ஆனா மழைக்காகன்னா, முதல்ல ஏணியை எடுங்க.